காடு அஞ்சரை ஏக்கர், கையில நாலரை லட்சம்: சின்ன டிராக்டர் வாங்கலாமுங்களா?

உடுமலைப் பக்கத்துல இருந்து ஒரு அம்மிணி எழுதுன கடுதாசி இது, சுருக்கித் தர்றேன்:

"ஐயா வணக்கம். எங்களுக்கு அஞ்சரை ஏக்கர் இருக்கு. மூணரை ஏக்கர் தென்னை, 25 அடி இடைவெளி, அதுல ரெண்டு ஏக்கர்ல ஊடுபயிரா கோகோ. ஒண்ணேகால் ஏக்கர் தக்காளி, கத்திரி. மீதி மாட்டுத்தீவனமும் களமும். மாடு மூணு. வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை, ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. வாடகை டிராக்டரைக் கூப்பிட்டா நேரத்துக்கு வர்றதில்ல, போன ஐப்பசியில மழை பேஞ்சு ஈரம் இருக்கும்போது கூப்பிட்டு பன்னெண்டு நாள் கழிச்சு வந்தாங்க, அதுக்குள்ள மண்ணு கட்டியாயிருச்சு. நானே ஓட்டலாம்னு இருக்கேன், கார் லைசன்ஸ் இருக்கு. கையில நாலரை லட்சம் சேர்த்திருக்கோம். ஷோரூம்ல 20 ஹெச்பி புது வண்டி சொல்றாங்க, இன்னொரு இடத்துல 15 ஹெச்பி மூணரை லட்சத்துக்குள்ள முடியும்ங்கறாங்க, எங்க மாமா அதே காசுக்கு செகண்ட்ஸ்ல 45 ஹெச்பி வண்டி இருக்கு, அதை எடுத்துப்போடுன்னு சொல்றாரு. பட்டா மாமியார் பேர்ல இருக்கு. எதை வாங்கறது?"

வணக்கமுங்க அம்மிணி. உங்க கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். நான் 26 வருஷமா டிராக்டர் பட்டறை வச்சிருக்கேன், சின்ன வண்டி பெரிய வண்டி எல்லாம் பிரிச்சு மாட்டியிருக்கேன், எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேரு வண்டி வாங்குனதுக்கப்புறம்தான் கேக்கறாங்க. நீங்க வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்க, அதுவே பெரிய விஷயம். எந்த வண்டின்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க காட்டுல அந்த வண்டிக்கு என்ன வேலை இருக்குன்னு பாத்துரலாம், ஏன்னா உங்க கேள்விக்கு பதிலு ஷோரூம்ல இல்ல, உங்க தோப்புலதான் இருக்கு.

முதல்ல ஒரு டேப் எடுத்துக்கிட்டு தோப்புக்குள்ள போங்க. தென்னைக்கும் தென்னைக்கும் 25 அடி. நடுவுல ஒரு வரிசை கோகோ இருந்தா தென்னையில இருந்து கோகோவுக்கு பன்னெண்டரை அடி. தென்னைக்கு வட்டப்பாத்தி ஆறடி, அதுக்குள்ள உழக்கூடாது, உரம் தண்ணி எடுக்கற வேரு அங்கதான் மேலாப்புல அடர்த்தியா ஓடுது. கோகோ கிளை இந்தப்பக்கம் மூணு நாலு அடி வந்துரும். கழிச்சுப் பாத்தா மிச்சம் ரெண்டரை அடியில இருந்து மூணரை அடி. அந்த சந்துல பெரிய வண்டியைக் கொண்டுபோனா ஒண்ணு கிளை ஒடியும், இல்லைன்னா சொட்டுநீர் பைப் நசுங்கும், ரெண்டும் நடக்கறதை நான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு சொல்றேன், இதை எந்த சேல்ஸ்மேனும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. கோகோ இருக்கற ரெண்டு ஏக்கர்ல உங்களுக்கு உழவே வேண்டாமுங்க. கோகோ வேரு ரொம்ப மேலாப்புல இருக்கற வேரு, வண்டிக்குப் பின்னாடி மாட்டி மண்ணைச் சுத்திக் கொத்தற ரோட்டவேட்டர் விட்டா அறுத்துப்போட்டுரும், மரம் சொணங்கிப்போகும். நிழலும் உதிர்ந்த இலையும் சேந்து களையை அமுக்கி வச்சிருக்கும், அந்த இலை மூடாக்கு மண்ணுக்கு ஈரமும் எருவும் குடுக்குது, அதைக் கலைக்கவே கூடாது. அங்கங்க எட்டிப்பாக்கற களையை பிரஷ் கட்டர்ல அடிச்சு விட்டா போதும். ஆக உங்க மூணரை ஏக்கர் தென்னையில உழவு வேலை இருக்கறது கோகோ இல்லாத ஒண்ணரை ஏக்கர்ல மட்டும்தான். வண்டி கணக்கு இங்கயே பாதி மாறிப்போச்சு பாருங்க.

இப்ப மணிக்கணக்கு போடலாம். கோகோ இல்லாத தென்னை ஒண்ணரை ஏக்கர், வருஷம் மூணு தடவை, சின்ன வண்டியில மூணடி ரோட்டவேட்டர் போட்டு ஏக்கருக்கு ரெண்டரை மணி நேரம்னு வச்சா பதினோரு மணி நேரம் சொச்சம். காய்கறிக் காடு ஒண்ணேகால் ஏக்கர், வருஷத்துக்கு ரெண்டு மூணு பட்டம், கலப்பை ஒரு சால், ரோட்டவேட்டர் ஒரு சால், பார் போடறது எல்லாம் சேத்தி இருபது மணி நேரம். தீவனக் காட்டுக்கு மூணு நாலு மணி. மொத்தமா உழவுன்னு பாத்தா 35 மணி நேரம். அவ்வளவுதானுங்க. இதே வேலையை அஞ்சடி ரோட்டவேட்டர் போட்ட வாடகை வண்டி இருபது மணி நேரத்துல முடிச்சுரும், நம்ம பக்கம் மணிக்கு 1,100 ரூபாய்னு வச்சா வருஷத்துக்கு 22,000 ரூபாய். அதுக்குமேல எரு இழுக்கறது, மாட்டுக்குத் தீவனத் தட்டு கொண்டுவர்றது, தேங்காய் களத்துக்கு சேக்கறது, மருந்து அடிக்கறது, இதுக்கெல்லாம் சொந்த வண்டி இருந்தா இன்னொரு 65 மணி நேரம் ஓடும். ஆக சொந்த வேலைக்கு வருஷம் நூறு மணி நேரம்.

நூறு மணி நேரம் ஓடற வண்டிக்கு என்ன செலவாகும்னும் பாக்கோணும். வண்டி, ரோட்டவேட்டர், அஞ்சு கொழு இருக்கற கலப்பை, சின்ன டிரெய்லர் எல்லாம் சேந்து மானியம் போக உங்க கையில இருந்து நாலு லட்சம் போகுதுன்னு வைங்க. அந்தக் காசு பேங்க்ல கிடந்தா வட்டி வரும், கடன்னா வட்டி கட்டணும், எப்படிப் பாத்தாலும் வருஷம் முப்பது நாப்பதாயிரம். வண்டி மதிப்பு வருஷத்துக்கு முப்பது முப்பத்தஞ்சாயிரம் குறையும். இன்ஷூரன்ஸ், ஆயில் சர்வீஸ், டயருக்குன்னு எடுத்து வைக்கறது பதினஞ்சாயிரம். டீசல் மணிக்கு ரெண்டரை லிட்டர்னு நூறு மணி நேரத்துக்கு 250 லிட்டர், இருபத்து மூணாயிரம். கூட்டுங்க, வருஷத்துக்கு ஒரு லட்சத்து பத்தாயிரம் சுத்தி வருது. 22,000 ரூபாய் வாடகைக்கு பதிலா ஒரு லட்சத்து பத்தாயிரம்.

இதைப் படிச்சதும் மனசு சோர்ந்துற வேண்டாம், வாங்காதீங்கன்னு நான் சொல்ல வரலை. பன்னெண்டு நாள் ஈரம் போனதுக்கு ஒரு விலை இருக்கு, ஒரு பட்டம் தக்காளி தள்ளிப்போனா என்ன நஷ்டம்னு உங்களுக்குத்தான் தெரியும். தலையில தட்டுக்கட்டு சுமக்கறதுக்கும் ஒரு விலை இருக்கு, அது பத்து வருஷம் கழிச்சு முட்டியிலயும் இடுப்புலயும் தெரியும். ஆனா கணக்கு நேராகணும்னா வண்டி வெளி வேலைக்கும் போகணும். வருஷம் 150 மணி நேரம் அக்கம்பக்கத்துல மணிக்கு 800 ரூபாய்க்கு ஓட்டுனா 1,20,000 வருது, டீசல் முப்பத்தஞ்சாயிரம் போக 85,000 நிக்குது, அப்ப உங்க வண்டிக்கு நீங்க கைக்காசு போடறது வருஷம் இருபத்தஞ்சாயிரம்தான், இப்ப குடுக்கற வாடகைக்குப் பக்கத்துலயே வந்துருச்சு. 150 மணி நேரம்னா அஞ்சு தோட்டம், தோட்டத்துக்கு முப்பது மணி. உங்க ஊர்லயே வாழை போட்டவங்க, தென்னைக்குள்ள காய்கறி போட்டவங்க, பெரிய வண்டி உள்ள வர முடியாம ஆள் வச்சு கொத்தறவங்க இருப்பாங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அவங்க வீட்டு வாசல்ல போய் நில்லுங்க, "நான் சின்ன வண்டி எடுக்கறேன், உங்க காட்டுக்கு கூப்பிடுவீங்களா, வருஷத்துக்கு எத்தனை தடவை"ன்னு நேராவே கேளுங்க. அஞ்சு பேரு சரின்னா வண்டி எடுங்க. ரெண்டு பேருதான் சரின்னா இப்போதைக்கு வேண்டாம், அதுக்கு வேற வழி கடைசியில சொல்றேன்.

உங்க மாமா சொல்ற 45 ஹெச்பி செகண்ட்ஸ் வண்டி. அவரு நல்ல எண்ணத்துலதான் சொல்றாரு, ஒரே காசுக்கு பெரிய இரும்பு கிடைக்குதுங்கற கணக்கு. ஆனா உங்க காட்டுக்கு அது ஒத்துவராது. அந்த வண்டி ரெண்டு டன் பக்கம் இருக்கும், சின்ன வண்டி முக்கால் டன்னுல இருந்து ஒரு டன்னுக்குள்ள. ஈரத்துல ரெண்டு டன் வண்டி தோப்புக்குள்ள அலைஞ்சா மண்ணு கீழ இறுகிப்போகும், தண்ணி இறங்காது. அகலமும் ஆறடி சுத்தி வரும். புதுசா ஓட்டப் பழகற ஒருத்தர் தனியா வச்சு சமாளிக்கற வண்டியும் இல்லீங்க அது, கிளட்சு மிதிக்கவே காலு வலிக்கும்.

அப்படியும் வீட்ல எல்லாரும் அதையே சொல்லி பாக்கப் போறதா இருந்தா, காலையில வெள்ளெனப் போங்க, எஞ்சின் பச்சைத்தண்ணியாட்டம் இருக்கும்போது நீங்க முன்னாடி நின்னு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வச்சிருந்தா அன்னிக்குத் திரும்பி வந்துருங்க. ஓடும்போது ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தா அதுல இருந்து புகை குபுகுபுன்னு தள்ளக்கூடாது, தள்ளுனா பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். டிப் ஸ்டிக்ல ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. ரோட்டவேட்டரை மேல தூக்கி வச்சு எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வந்து பாருங்க, தரையில வந்து உக்காந்திருந்தா ஹைட்ராலிக்ல வேலை இருக்கு. மேட்டுல ஏத்தும்போது கியர் தானா கழண்டா கியர்பாக்ஸைப் பிரிக்கணும். மணி மீட்டரை நம்பவே நம்பாதீங்க, பிரேக் பெடல் தேஞ்சிருக்கறதைப் பாருங்க, அதுதான் வயசைச் சொல்லும். ஆர்சி புக்ல ஃபைனான்ஸ் பேரு இருக்கான்னு பாத்துட்டு, இருந்தா கடன் பாக்கி இல்லைங்கற சான்று, என்ஓசி, வாங்கி கேன்சல் பண்ணாம ஒத்தை ரூபாயும் குடுக்காதீங்க.

இனி 15-ஆ 20-ஆங்கறது. ஷோரூம்ல சொல்ற ஹெச்பி எஞ்சின் ஹெச்பி. ரோட்டவேட்டரைச் சுத்தறது பிடிஓ, அதாவது வண்டிக்குப் பின்னாடி சுத்தற தண்டுல வர்ற ஹெச்பி, அது ரெண்டு மூணு ஹெச்பி கம்மியா இருக்கும். "பிடிஓ எவ்வளவு"ன்னு கேளுங்க, வாயில சொல்றதை விட்டுட்டு டெஸ்ட் ரிப்போர்ட் காட்டச் சொல்லுங்க, மத்தியப் பிரதேசத்துல புத்னின்னு ஒரு ஊர்ல மத்திய அரசோட பண்ணை இயந்திர பரிசோதனை நிலையம் இருக்கு, அங்க வண்டியை ஓட்டிப் பாத்து பிடிஓ பவர், டீசல் எவ்வளவு குடிக்குது, ஹைட்ராலிக் எவ்வளவு தூக்குதுன்னு எல்லாம் எழுதிக் குடுக்கறாங்க. ரோட்டவேட்டருக்கு நான் கண்ட அனுபவத்துல அடிக்கு ஏழெட்டு ஹெச்பி வேணும். 15 ஹெச்பி வண்டியில ரெண்டே முக்கால், மூணடி போட்டா மேலாப்பான ஈரத்துல ஓட்டும், காஞ்ச கரிசல்ல மூச்சு வாங்கும். மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 ரெண்டும் 15 ஹெச்பி, ஒத்தை சிலிண்டர், டூவீல் டிரைவ், அதாவது பின்சக்கரம் ரெண்டு மட்டும்தான் இழுக்கும். விலை கம்மி, பார்ட்ஸ் எங்கயும் கிடைக்கும், டிரெய்லர் இழுக்க, அஞ்சு கலப்பை ஓட்ட நல்ல வண்டிங்க. ஒத்தை சிலிண்டர்ங்கறதால அதிர்வு ஜாஸ்தி, நாலு மணி நேரம் தொடர்ந்து உக்காந்தா உடம்பு சொல்லும். சொட்டுநீர் ஈரத்துலயும் கால்வாய்த் தண்ணி பாஞ்ச காட்டுலயும் லேசான டூவீல் வண்டி சக்கரம் சுத்திக்கிட்டு நின்ன இடத்துலயே குழி பறிக்கும்.

உங்களுக்கு நான் சொல்றது 20ல இருந்து 24 ஹெச்பிக்குள்ள ஃபோர்வீல் டிரைவ். மஹிந்திரா ஜீவோ 225ல ஃபோர்வீல் இருக்கு, 20 ஹெச்பி, அதுக்கு அடுத்தது ஜீவோ 245, 24 ஹெச்பி, ரெண்டும் ரெண்டு சிலிண்டர். குபோட்டா நியோஸ்டார் ஏ211என் 21 ஹெச்பி, மூணு சிலிண்டர், ஓட்டறதுக்கு மெத்துனு இருக்கும். மஹிந்திராவோட ஓஜா வரிசை 2023 ஆகஸ்ட்ல வந்தது, அதுல சின்னது 21 ஹெச்பி. சோனாலிகா, விஎஸ்டி, கேப்டன்லயும் இந்த சைஸ் இருக்கு. இதுல எது உசத்தின்னு பேசிக்கிட்டே இருக்கலாம், உங்க காட்டு வேலைக்கு எல்லாமே போதும். இப்ப உங்களுக்கு 24 எடுக்கலாமான்னு தோணும், மூணு நாலு ஹெச்பி கூட இருந்தா கரிசல்ல நிம்மதி, ஆனா வெளி வேலைக்கு சந்துக்குள்ள போறதுதான் உங்க பொழப்புன்னா அகலம் கம்மியா இருக்கற வண்டியை எடுங்க.

அப்ப எந்தக் கம்பெனி? உங்க வீட்டுல இருந்து எந்தக் கம்பெனி சர்வீஸ் பட்டறை பக்கமோ அந்தக் கம்பெனிங்க. இதை நான் மனசார சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒருத்தர் தூரத்து ஊர்ல இருபதாயிரம் விலை கம்மின்னு ஒரு சின்ன வண்டி எடுத்தாரு. முன் ஆக்சில்ல சீல் போய் ஆயில் ஒழுகுச்சு, அந்த சீல் இங்க எந்தக் கடையிலயும் இல்ல, டீலரு இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு சொல்லிச்சொல்லி நாப்பது நாள் ஆச்சு, எங்க பட்டறை வேப்பமரத்துக்கு அடியில வண்டி நின்னுச்சு. அந்த நாப்பது நாளும் மஞ்சள் நடற நேரம். அவரு தினம் சாயங்காலம் வந்து வண்டியைப் பாத்துட்டுப் போவாரு, எதுவும் பேச மாட்டாரு. எனக்கு அது இன்னும் மனசுல நிக்குது. சின்ன வண்டி பார்ட்ஸ் பெரிய வண்டி பார்ட்ஸ் மாதிரி மூலைக்கடையில கிடைக்காது, அதுவும் ஃபோர்வீல் வண்டியோட முன் ஆக்சில் சாமான். ஷோரூம் பக்கத்துல இருக்கற பார்ட்ஸ் கடைக்குள்ள நீங்களே போய், "இந்த மாடலுக்கு முன் ஆக்சில் சீல், ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், கிளட்ச் பிளேட் இருக்கா, எடுத்துக் காட்டுங்க"ன்னு கேளுங்க. எடுத்துக் காட்டுனா நல்லது. "சொன்னா வரும்"ன்னா யோசிங்க.

விலை பத்தி. 2025 செப்டம்பர் 22ல இருந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதம் ஆயிருச்சு, ரோட்டவேட்டர் கலப்பைக்கும் அதேதான், டிராக்டர் டயருக்கு 18ல இருந்து 5. வரிக்கு முந்தின விலை நாலு லட்சம்னா முன்ன 4,48,000, இப்ப 4,20,000. யாராவது பழைய கொட்டேஷனைக் காட்டுனா அதுல வரி எத்தனைன்னு ஒரு தடவை கண்ணு ஓட்டுங்க. 20 ஹெச்பி ஃபோர்வீல் நாலு லட்சத்துக்கு மேலதான் நிக்கும், 24 ஹெச்பி அஞ்சைத் தொடும், அதோட ரோட்டவேட்டர், கலப்பை, டிரெய்லர் எல்லாம் சேத்தா இன்னும் ரெண்டு லட்சம் பக்கம் ஆகும். உங்க நாலரை லட்சம் வண்டிக்கு மட்டும்தான் பத்தும், பின்னாடி மாட்டறதுக்கு ஒண்ணுமில்லாத வண்டியை வச்சு என்ன பண்றது. அதனால முதல் வருஷம் வண்டியும் ரோட்டவேட்டரும் மட்டும் எடுங்க, கலப்பை செகண்ட்ஸ்லயே நல்லதா கிடைக்கும், கொழு மாத்திக்கிட்டா போதும். டிரெய்லர் அடுத்த வருஷம்.

மானியம்தான் உங்களுக்கு முக்கியம். மத்திய அரசோட வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல பொதுப்பிரிவு விவசாயிக்கு 40 சதவீதம், பெண் விவசாயி, சிறு குறு விவசாயி, எஸ்சி எஸ்டி விவசாயிக்கு 50 சதவீதம், ஆனா ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு, ரெண்டுல எது கம்மியோ அதுதான் வரும். உங்க நிலம் அஞ்சரை ஏக்கர்ங்கறதால சிறு விவசாயி சான்று கிடைக்காது, அஞ்சு ஏக்கர்தான் அதுக்கு வரம்பு. பரவாயில்ல, பெண் விவசாயிங்கற வகையில போகலாம். பட்டா மாமியார் பேர்ல இருக்குதுன்னு வருத்தமா எழுதியிருக்கீங்க. அதுக்கு ஏனுங்க வருத்தம், அவங்களும் பெண் விவசாயிதானே, அவங்க பேர்லயே விண்ணப்பம் போடுங்க. ஆதார், சிட்டா, அடங்கல், பேங்க் பாஸ்புக், போட்டோ எல்லாம் அவங்க பேர்ல இருக்கணும், ஆதார்ல இருக்கற பேரும் பட்டாவுல இருக்கற பேரும் ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே பாத்துக்குங்க, இனிஷியல் மாறி எத்தனையோ பேருக்கு மாசக்கணக்குல நின்னுருக்கு. வண்டியும் அவங்க பேர்லதான் வரும், வீட்ல எல்லாரும் உக்காந்து இதை முன்னாடியே பேசிக்கிட்டா பின்னாடி மனக்கசப்பு வராது. உழவன் ஆப்ல பதிவு பண்ணலாம், இல்லைன்னா உங்க கோட்டத்து வேளாண் பொறியியல் துறை ஆபீஸுக்கு நேர்ல போங்க, நேர்ல போறதுதான் நல்லது, இந்த வருஷம் டிராக்டருக்கு ஒதுக்கீடு இருக்கா, பட்டியல்ல எந்த மாடல் இருக்குன்னு அங்கதான் சரியா சொல்லுவாங்க. ஒண்ணே ஒண்ணு, அனுமதி ஆர்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி வண்டியை எடுத்துராதீங்க. "நீங்க எடுங்க, மானியம் நாங்க வாங்கித் தர்றோம்"ன்னு யாரு சொன்னாலும் எடுக்காதீங்க. முன்னாடியே எடுத்த வண்டிக்கு மானியம் வராது.

கொஞ்சம் கடன் வேணும்னா வட்டி எப்படின்னு கேளுங்க. எட்டு சதவீதம்னு சொல்லுவாங்க, அது ஃபிளாட் ரேட்டா இருக்கும், அதாவது அசல் குறைஞ்சுக்கிட்டே வந்தாலும் முழுக் கடனுக்கும் வட்டி போடறது. நாலு லட்சம், அஞ்சு வருஷம், ஃபிளாட் எட்டுன்னா வட்டி மட்டும் 1,60,000, மாசம் 9,333 ரூபாய், அதைக் குறையற வட்டிக்கு மாத்திப் பாத்தா 14 சதவீதம் பக்கம் வருது. பேங்க்ல பத்து பதினொண்ணுன்னு சொன்னா அது ஜாஸ்தியாத் தெரியும், ஆனா அதுதான் கம்மி. தவணையை மாசாமாசம் வைக்காம தேங்காய், தக்காளி காசு வர்றதுக்குத் தகுந்தாப்புல ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு கேளுங்க, விவசாயக் கடன்ல அது உண்டு.

இப்ப நான் சொல்லப்போறதை தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க. நீங்களே ஓட்டப் போறீங்க. கார் லைசன்ஸ் போதும், சட்டத்துல டிராக்டரும் அந்த இலகுரக வண்டியிலதான் வருது. ஆனா சேலை கட்டிக்கிட்டு ரோட்டவேட்டர் ஓட்டாதீங்க. துப்பட்டாவும் வேண்டாம், தலைமுடியை கொண்டை போட்டு துணி கட்டிக்குங்க, வீட்டுக்காரரோட பேண்ட் சட்டையைப் போட்டுக்கிட்டு ஓட்டுங்க, ஊர்ல யாரு என்ன சொன்னாலும் சரி. பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது ஒரு விநாடிக்கு ஒம்பது சுத்து. அந்த ஷாஃப்ட் மொத்தம் மூணரை சென்டிமீட்டர்தான், ஆனா முந்தானை நுனி மாட்டுச்சுன்னா விநாடிக்கு ஒரு மீட்டர் துணியை இழுத்துச் சுத்திக்கும். காலை எடுத்து கிளட்சுக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும். எங்க பக்கத்து ஊர்ல இப்படி ஒரு அம்மா கையை இழந்தாங்க, வண்டியில ஏறவே இல்ல அவங்க, பின்னாடி நின்னு கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. அந்த ஷாஃப்ட்டுக்கு மேல பிளாஸ்டிக் கவர் ஒண்ணு வரும், சங்கிலி போட்டு அது சுத்தாம நிறுத்தியிருக்கும். கிரீஸ் அடிக்கறதுக்கு இடைஞ்சல்னு மெக்கானிக்கே கழட்டிப் போட்டுருவாங்க, நானும் ஒரு காலத்துல கழட்டியிருக்கேன், இப்ப கவர் இல்லாம எந்த வண்டியையும் பட்டறையை விட்டு அனுப்பறதில்ல. களை சுத்திக்கிச்சுன்னா எஞ்சினை ஆஃப் பண்ணி சாவியை இடுப்புல சொருகிட்டு அப்புறம்தான் கீழ குனியணும். பசங்களை மட்கார்டு மேல உக்கார வைக்காதீங்க, அழுதாலும் வைக்காதீங்க.

சின்ன வண்டி அகலம் கம்மிங்கறதால வரப்பு ஏறும்போதும் வாய்க்கால் ஓரத்துலயும் சாயறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. நேரா ஏறணும், குறுக்கால ஏறக்கூடாது. சேத்துல மாட்டுனா முன்னாடி உறுமி உறுமி ஏத்தாதீங்க, ரிவர்ஸ்ல வாங்க, இல்லைன்னா ஆளைக் கூப்பிடுங்க. மரத்தை, மாட்டுன வண்டியை இழுக்கறதுன்னா கீழ இருக்கற டிராபார்ல மட்டும் கட்டணும், மேல டாப் லிங்க் கொக்கியில சங்கிலி கட்டி இழுத்தா முன்சக்கரம் எந்திரிச்சு வண்டி பின்னாடி மல்லாந்துரும், யோசிக்க நேரமே இருக்காது. சீட்டுக்குப் பின்னாடி அந்த இரும்பு வளைவு, ரோப்ஸ்னு சொல்லுவாங்க, அது வர்ற மாடலா இருந்தா அதையே எடுங்க, மட்டை இடிக்குதுன்னு கழட்டாதீங்க, சீட் பெல்ட்டும் போடுங்க.

அஞ்சு தோட்டக்காரங்க சேரலைன்னா என்ன பண்றதுன்னு சொல்றேன்னேன். அஞ்சு ஏழு ஹெச்பி பவர் வீடர், கையில பிடிச்சு நடந்து ஓட்டற களை மெஷின், ஒண்ணு எடுங்க, அதுக்கும் மானியம் இருக்கு. காய்கறிக் காட்டுக்கு அது போதும், 12 ஹெச்பி பவர் டில்லர் வேண்டாம், அதைத் திருப்பறதுக்கு கைபலம் நிறைய வேணும், ஒரு நாள் ஓட்டுனா தோளு விட்டுப்போகும். உழவுக்கு வேளாண் பொறியியல் துறையோட இ-வாடகை ஆப்ல டிராக்டர் பதிவு பண்ணலாம், வெளி வாடகையை விட கம்மி, ஆனா சீசன்ல வரிசை இருக்கும், மழையைப் பாத்துட்டு பதியாம ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடியே பேசி வைங்க. தென்னை மட்டை அரைக்கற மெஷின் பெரிய வண்டிக்கு உண்டானது, அதை எப்பவுமே வாடகைக்குத்தான் கூப்பிடணும், சின்ன வண்டி வாங்குனாலும் அதுல மாட்டப் பாக்காதீங்க.

வண்டி எடுக்கறதுன்னு முடிவானா டெமோ கேளுங்க, ஷோரூம் வாசல்ல ஒரு சுத்து சுத்திக் காட்டறது டெமோ இல்லீங்க. உங்க காட்டுக்கே கொண்டு வரச் சொல்லுங்க, தண்ணி விட்டு மூணாம் நாளு, அந்த ஒண்ணேகால் ஏக்கர்ல இருக்கறதுலயே கெட்டியான மூலையில ரோட்டவேட்டர் போட்டு நீங்களே அரை மணி நேரம் ஓட்டுங்க, சேல்ஸ்மேன் ஓட்டக்கூடாது. கிளட்சு கால் எட்டுதா, கியர் லிவர் கைக்கு வருதா, திரும்பிப் பாத்தா ரோட்டவேட்டர் தெரியுதான்னு பாருங்க. அப்புறம் கோகோ வரிசைக்குள்ள வெறும் வண்டியா ஒரு நடை போய் கடைசியில திருப்பிக்கிட்டு வாங்க. தோட்டத்து கேட்டு அகலத்தையும் அளந்து வைங்க. இதெல்லாம் பாத்துட்டு தோப்பு அளவையும் அஞ்சு வீட்டுக்காரங்க சொன்னதையும் எனக்கு மறுபடி எழுதுங்க, ரோட்டவேட்டர் பிளேடு உங்க மண்ணுக்கு எல் டைப்பா சி டைப்பான்னு அப்ப சொல்றேன்.